மெர்லின் முகத்துக்கு ஒரு கேமரா

2025 ஜூன் 7, சனி

தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிட்டது. நைனா வாசலில் ஸ்டூலைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் சண்டை என்றால் அவருக்கு ரோடு பிடித்துவிடும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்தே பழக்கம்.

உள்ளே மெர்லின் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். என் அக்கா. நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. தனியார் லேப்பில் டெக்னீஷியன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அடுத்தவன் ரத்தத்தைப் பார்க்கிற வேலை.

பெண் பார்க்க வந்தவர்கள் வந்து, பார்த்து, போயும்விட்டார்கள். பஜ்ஜித் தட்டு காலி. அந்த விஷயத்தில் குறை வைக்கவில்லை.

நடந்தது இதுதான். பையனுடைய அம்மா போனை எடுத்திருக்கிறாள். தரகர் வழியாகப் போன மெர்லின் போட்டோவைத் திறந்து, அவள் கன்னத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து, போட்டோவைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி போட்டோவைப் பார்த்து — “இன்னாம்மா இது, போட்டோல வேற மாரி கீது?”

அம்மா உடனே, “வெயில்ல வந்தா, அதான்” என்று அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.

மெர்லின் சும்மா இருக்கிற ஆளா? “லேப்ல ஏசி ஆன்ட்டி. நான் வெயிலே பாக்கறதில்ல.”

இப்படி நடப்பது இது முதல் தடவையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் போனைத் தூக்கிப் பிடிக்கிற சடங்கு. பஸ்ஸில் செக்கிங் ஏறுகிற மாதிரி.

டம்ளர்களைக் கவிழ்த்துவிட்டு மெர்லின் சொன்னாள்: “நோயல், கல்யாணம் வேணாம்னு நான் சொல்லல. ஆனா இன்னொரு தபா எவளாவது என் மூஞ்சி பக்கத்துல போனைத் தூக்கினா, அதோட முடிஞ்சிது. அப்புறம் எவன் முன்னாடியும் நான் வந்து உக்கார மாட்டேன். அம்மாகிட்ட சொல்லிடு.”

சும்மா சொல்கிற குரல் இல்லை அது.

குற்றவாளி போட்டோதான். அருள் ஸ்டூடியோ எடுத்தது. அதில் இருப்பது மெர்லினே இல்லை, கடையில் புதிதாக வந்திறங்கிய பிளாஸ்டிக் பொம்மை. மூக்கு மட்டும்தான் எங்கள் குடும்பத்து மூக்கு. அதிலும் ஒரு பக்க நிழலைக் காணோம்.

முடிவு: கேமரா வாங்குகிறேன். டி.எஸ்.எல்.ஆர். அவள் முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம். யார் எதைத் தூக்கிப் பிடித்தாலும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்த கையோடு ஸ்டூடியோவுக்குப் போனேன், சண்டை போட.

அருள்பிரகாசம் அண்ணன் அசரவில்லை. “தம்பி, நான் இன்னா பண்ணேன்? உங்க அம்மா என் பக்கத்துல நின்னுகினு ‘இன்னும் கொஞ்சம்ணே, இன்னும் கொஞ்சம்ணே’ன்னாங்க. கொழம்புக்கு உப்பு போடறாப்ல போட்டேன்.”

சுவரைப் பார்த்தேன். கல்யாணம், புதுநன்மை, வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி. ஏரியாவில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தரையும் அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் ஒரே மாவில் பிசைந்த கலர்.

“செத்தவங்களுக்குமா கலர் ஏத்துவீங்க?”

“அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. உசுரோட இருக்கறப்ப கேக்க மாட்டாங்க, போனப்புறம் வூட்டாளுங்க கேப்பாங்க.”

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். ஞானம் என்று பேர் வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்றும் கேட்டேன். “உனக்கு ஒரு பொண்ணு பொறந்து, அவளை நாலு பேர் ஏற எறங்கப் பாக்கட்டும். அன்னிக்கு வந்து பேசு” என்றாள். அதோடு இறாலை உரிக்கப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

ஜூன் 10, செவ்வாய்

தீனாவிடம் சொன்னேன். தப்பு.

தீனா என் கூட எர்ணாவூர் பவர் பிளான்ட்டில் வேலை பார்க்கிறவன், புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு. இரண்டு பேருக்கும் ஒரே வேலை: பிரஷர் கேஜ், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பது. பொய் காட்டுகிற கேஜைக் கழற்றி மூலையில் போடுவோம். எங்கள் வீட்டில் அதற்கு ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள்.

“எதுக்கு மாமு கேமரா? என் போன்லயே எடு” என்றான். நிலக்கரிக் குவியல் முன்னால் என்னை நிறுத்தி ஒன்று எடுத்தான். மாவு மில் ஓனர் மாதிரி இருந்தேன். பின்னால் கரி கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. ஃபில்டரை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தான். அப்போதும் தாடையில் இருந்த தழும்பைக் காணோம். நான் கேட்காமலே போன் எனக்கு வைத்தியம் பார்த்துவிட்டது.

“அப்ப மிரர்லெஸ் வாங்கு. டி.எஸ்.எல்.ஆர்லாம் செத்துப்போச்சு. ஒலகமே மிரர்லெஸ்ல போய்க்கினு கீது.”

உலகம் போகட்டும். அது செத்துப்போனதால்தான் என் சம்பளத்துக்கு எட்டுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

லேப்டாப்பில் ஒரு டேபிள் போட்டேன். எக்செல். சென்சார், இருட்டில் படம் எவ்வளவு புள்ளியடிக்கும், எடை, ஸ்கிரீன் திரும்புமா, பேட்டரி, பழைய லென்ஸ் கிடைக்குமா — ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு வெயிட்டேஜ். கேனான் 1500டி, 200டி, நிக்கான் டி3500, டி5600. நாலும் வரிசையாக நின்றன. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் தம்பி கேமராவைப் பெண் பார்க்கிறான் என்றார் நைனா. அவராகச் சிரித்துக்கொண்டார்.

யூடியூப் ரிவியூக்காரர்கள் எல்லோரும் ஏதோ ஏரிக்கரையில் நின்று வாத்து எடுக்கிறார்கள். எண்ணூர் சாம்பலும் காசிமேட்டு உப்புக் காற்றும் உள்ளே போனால் என்ன ஆகும்? ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. “பிகினருக்கு இது போதும்” என்கிறார்கள் எல்லாவற்றுக்கும். பிகினர் என்றால் என்ன கேடு கெட்டவனா?

ஜூன் 21, சனி

டேபிளில் ஜெயித்த கேமராவை வாங்க அண்ணா சாலைக்குப் போனேன். மெர்லின் தானும் வருகிறேன் என்றாள். “உன்னை வெச்சு எடுக்கத்தான் கேமரா, நீ எதுக்கு?” என்றேன். “மாட்டப்போறவளுக்கு கயித்தைப் பாக்க உரிமை இல்லியா?” என்றாள்.

கடைக்காரப் பையன் எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னான். மெர்லின் பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்து, பிடித்து, கண்ணில் வைத்து, கீழே வைத்தாள். நான் டைனமிக் ரேஞ்ச் பேசிக்கொண்டிருந்தேன்.

“இது கையில நிக்கலடா” என்றாள். எதை? டேபிளில் முதல் மார்க் வாங்கியதை. “இது பரவால்ல” என்று அவள் தூக்கிக் காட்டியது என் டேபிளில் கடைசிக்கு முந்தினது.

“ஏய், கையில நிக்கிறதுக்குலாம் மார்க் இல்ல.”

“அப்ப உன் மார்க்கையே கழுத்துல மாட்டிக்க.”

கடைக்குள்ளேயே ஆரம்பித்து பஸ்ஸிலும் தொடர்ந்தது. பின் சீட்டில் இருந்த பெரியவர் ஒருத்தர் இடையில் புகுந்து அவள் பக்கம் தீர்ப்பு சொன்னார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரியாது.

வாங்கவில்லை. மதிப்பெண்ணை மறுபடி பார்க்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

சர்ச்சில் இராயப்பர் திருநாள். கூட்டத்தில் எல்லோர் கையிலும் போன். நான் மட்டும் வெறுங்கை. டேபிளில் இன்னும் இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

ஒழிந்தது.

சிலுவையம்மாள் அத்தை வந்திருந்தாள். நைனாவுக்குச் சித்தப்பா மகள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறாள், சைடில் கல்யாணம் முடித்து வைக்கிறாள். இரண்டுக்கும் ஒரே தொண்டை. “ஞானம், பையன் திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம். பேரு செலஸ்டின். துறைமுகத்துல கப்பலை இழுக்குற டக் படகுல மெக்கானிக்கு. குடி கெடையாது. ஐஸ் வெக்காத சரக்கு, சொல்லிட்டேன்!”

பையன் போட்டோவைக் காட்டினாள். முகம் டியூப்லைட் வெள்ளை. பின்னால் பனி மலை. விம்கோ நகரில் பனி பெய்ததாக எனக்குத் தகவல் இல்லை.

“பொண்ணு போட்டோ சீக்கிரம் அனுப்பணும் அத்தை, நான் புதுசா ஒண்ணு—” என்று ஆரம்பித்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்தே, “அனுப்பிட்டேன்” என்றாள்.

எதை? அதே பிளாஸ்டிக் பொம்மையை!

“நீ கேமரா வாங்கறேன் வாங்கறேன்னு கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டுகினு கீற. அவங்க கேக்கறப்ப நான் எதைக் குடுக்கறது, உன் கட்டத்தையா?”

மெர்லின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூலை 5, சனி

டேபிளை மூடினேன். வாங்கிவிட்டேன்.

தீனா வீட்டுக்கு மேல்மாடியில் பீம்ராவ் அண்ணன் இருக்கிறார். கல்யாண போட்டோகிராஃபர், மிரர்லெஸுக்கு மாறுகிறார். அவருடைய டி5600, பாடி மட்டும். மெர்லின் கடையில் “பரவால்ல” என்றாளே, அதேதான். இதை அவளிடம் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

“லென்ஸ் வாங்கறப்ப ஒண்ணே ஒண்ணு பாத்துக்க தம்பி—” என்று ஆரம்பித்தார்.

“தெரியும்ணே, படிச்சிட்டேன்” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கல்யாண போட்டோக்காரர்கள் பேச ஆரம்பித்தால் சாப்பாடு வரைக்கும் பேசுவார்கள்.

நேராக பர்மா பஜார். பழைய 50 எம்.எம். லென்ஸ், மெட்டல், கனமாக, கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. பேரம் பேசி எடுத்தேன். தீனா அசந்துபோனான். நானும்தான்.

வீட்டில் மாட்டினேன். கச்சிதம். ஆன் செய்தால் திரையில் எஃப், இ, இ என்று மூன்று எழுத்து மின்னுகிறது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை.

தீனா எட்டிப் பார்த்தான். “ஃபீஸ் கேக்குது மாமு. கட்டிடு.”

ஜூலை 6, ஞாயிறு

எழுத்து மின்னுவதற்குத் தீர்வு கண்டுபிடித்தேன். லென்ஸில் இருக்கிற வளையத்தைக் கடைசி எண்ணில் வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டினேன். கேமரா எழுந்துகொண்டது.

ஆனால் ஃபோகஸ் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை, லென்ஸ் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இப்போதுதான் படித்தேன்: இந்த மாதிரிப் பழைய லென்ஸைத் திருப்ப கேமரா பாடிக்குள் மோட்டார் இருக்க வேண்டும். இந்த பாடியில் கிடையாது. பீம்ராவ் அண்ணன் சொல்ல வந்த “ஒண்ணே ஒண்ணு” இதுதான்.

நான். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா. பிளான்ட்டில் எவனாவது பொருந்தாத ஃபிட்டிங்கைக் கொண்டுவந்தால் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுகிறவன்.

அந்த டேபிளில் பேட்டரி மூடியின் உறுதிக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. மோட்டாருக்கு இல்லை.

கையால் திருப்பி எடுத்தேன். நைனா மங்கல். பூனை மங்கல். சுவரில் இருக்கிற நாள்காட்டி மட்டும் நன்றாக வந்தது, அது நகராததால்.

மெர்லின் பின்னால் நின்று கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, “குடு இங்க” என்று வாங்கினாள். கண்ணை வைத்தாள், இரண்டு விரலால் வளையத்தை லேசாகத் தொட்டாள், கிளிக். பூனையின் மீசை தனித்தனியாக வந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த பூனை.

“எப்டி?”

“ஸ்லைடு பாக்கறதுதான்டா இது. கொஞ்சம் திருப்பினா வரும், ஜாஸ்தி திருப்பினா போய்டும். ஒரே வித்தியாசம், இங்க சாம்பிள் ஓடுது.”

ஜூலை 13, ஞாயிறு

இன்று மெர்லினை உட்கார வைத்து ஒழுங்காக ஒரு படம் எடுத்தே தீருவது என்று இறங்கினேன்.

வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால் முகம் இருட்டாகிறது. காரணம் எனக்குத் தெரியும். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. அதற்குச் சாம்பல் நிற அட்டை ஒன்று வேண்டும். எங்கள் கன்ட்ரோல் பேனலுக்கு அடிக்கிற பெயின்ட் கிட்டத்தட்ட அதே சாம்பல். அடித்து மிஞ்சிய தகடு ஒன்றைப் பையில் போட்டு வந்திருந்தேன். அதை அவள் கையில் கொடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி அளந்தேன்.

நிறம் அச்சு அசல். இதை நான் கோர்ட்டில் வந்து சொல்வேன்.

ஆனால் மூஞ்சி? நான் “ரெடி” என்றதும் மெர்லின் தாடையை இறக்கி, உதட்டை உள்ளே இழுத்து, கண்ணை அகல விரித்து — அருள் ஸ்டூடியோ பொம்மை வந்து உட்கார்ந்துவிட்டது. கலர் மட்டும்தான் அவளுடையது. “சாதாரணமா இரு” என்றால் இன்னும் மோசம். “சாதாரணமாத்தான்டா கீறேன்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

படத்தைப் பார்த்தாள். “ஆதார் கார்டுல இதைவிட நல்லா கீறேன்.”

இருந்தாலும் உண்மையான நிறமாச்சே என்று அத்தைக்கு அனுப்பி, அந்த வீட்டுக்கு இதை அனுப்பச் சொன்னேன். உடனே போன். “இன்னாடா நோயல் இது, பொண்ணு கையில தகரத்தைக் குடுத்து நிக்க வெச்சிருக்க? போலீஸ் ஸ்டேஷன்லயா எடுத்த? இதை அனுப்பினா பொண்ணு பாக்க வர மாட்டாங்க, ஜாமீன் எடுக்கத்தான் வருவாங்க!”

அனுப்பவில்லை.

ஜூலை 19, சனி

கேமராவைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினேன். மெர்லின் பையில் லேப்புக்குப் போயிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

விடிந்ததும் மெர்லின் காசிமேட்டுக்குக் கிளம்பிப் போகிறாள், கேமராவோடு. வாங்கியது நான், தோளில் மாட்டியிருப்பது அவள். கேட்டால், “உனக்குத்தான் ஃபோகஸ் பண்ண வராதே” என்கிறாள். பேஜாரு.

கார்டைப் போட்டுப் பார்த்தேன், குறை கண்டுபிடிக்கலாம் என்று. அத்தை ஏலம் கூவுகிற படம் ஒன்று. வாய் திறந்து, கை வானத்தில், கழுத்து நரம்பு புடைத்து — சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. நைனா சவரம் செய்யும்போது பாதி நுரையோடு காக்காவைத் திட்டுகிற படம். அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா. நிமிர்ந்து யாரையோ பார்க்கிறாள், நெற்றியில் வியர்வை, முகம் அதன் நிறத்தில்.

குறை ஒன்று கிடைத்தது, ஒரு படத்தில் அடிவானம் கொஞ்சம் சாய்வு. அதைச் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டேன்.

அம்மா தன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். “நான் இவ்ளோ கருப்பா?”

“ஆமா” என்றாள் மெர்லின். “அப்ப நான் எங்கேர்ந்து வந்தேன்னு நெனச்ச?”

அம்மா சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை.

ஆனால் அந்தக் கார்டு முழுக்க மெர்லின் படம் ஒன்றுகூட இல்லை. எடுப்பவள் படத்தில் எப்படி இருப்பாள்? நான் எதற்குக் கேமரா வாங்கினேனோ அது மட்டும் நடக்கவில்லை. பெண் பார்க்க ஆகஸ்ட் பத்தாம் தேதி என்று அத்தை நாள் குறித்துவிட்டாள். அவர்கள் கையில் இருப்பது இன்னும் அந்தப் பொம்மைதான்.

ஆகஸ்ட் 9, சனி

நானே செலஸ்டின் வீட்டுக்குப் போன் போட்டு “அந்தப் போட்டோ டுபாக்கூர்” என்று சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். “வந்து பாத்துட்டா மனசு மாறும்டா.” போன தடவையும் இதையேதான் சொன்னாள்.

புதுப் பவுடர் டப்பா ஒன்று கண்ணாடி முன்னால் இருக்கிறது. அம்மா வாங்கி வைத்தது. மெர்லின் அதை எடுத்து, கேரம் போர்டில் தட்டி, நைனாவைக் கூப்பிட்டு ஒரு ஆட்டம் போட்டாள்.

நாளைக்கு செலஸ்டின் அம்மா போனைத் தூக்குவாள். தூக்கினால் மெர்லின் சொன்னதைச் செய்வாள். எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். என்னால் என்னடா பண்ண முடிஞ்சிது? ஒரு மயிரும் இல்ல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதலில் இருந்து எழுதுகிறேன், ஒன்றையும் விடக்கூடாது.

செலஸ்டின், அவன் அம்மா, ஒரு மாமா. கூடவே அத்தை, ஏதோ கப்பலையே கூட்டி வந்த மாதிரி முன்னால். செலஸ்டின் வாசலில் குனிந்து உள்ளே வந்தான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டியூப்லைட்டும் இல்லை, பனி மலையும் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் வெயில் வாங்குகிறவன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான். கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். கூச்சமாக என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

உட்கார்ந்தார்கள். பஜ்ஜி வந்தது. நைனா கப்பல் பேசினார். மாமா பஜ்ஜி பேசினார்.

“பொண்ணு வரட்டும்” என்றாள் செலஸ்டின் அம்மா. சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் ஏதாவது பேசிவிடுவேன் என்று.

மெர்லின் வந்தாள். கையில் காபித் தட்டு இல்லை. கழுத்தில் கேமரா.

“ஆன்ட்டி, போனை எடுத்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. அதுல உங்க பையன் போட்டோ இருக்கும்ல, எங்களுக்கு அனுப்பினது? அதை எடுங்க.”

“எதுக்கும்மா?”

“எடுங்களேன். ஆ, அதான். அவர் கன்னத்துக்குப் பக்கத்துல புடிங்க. இன்னும் கொஞ்சம் மேல. மாமா, நீங்க ஒரு அடி இப்டிக்கா வாங்க. ஆன்ட்டி, இங்க பாருங்க.”

அந்தம்மா பிடித்தாள்! கேமராவை நீட்டினால் போதும், நம்ம ஆட்கள் யாராக இருந்தாலும் சொன்னபடி நிற்பார்கள். கல்யாண வீட்டில் வீடியோக்காரன் பழக்கி வைத்தது. பிஷப்பே ஆனாலும் “கொஞ்சம் லெஃப்ட்ல ஃபாதர்” என்றால் நகருவார். மாமா பஜ்ஜியை முழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டார். மெர்லின் வளையத்தைத் தொட்டாள். கிளிக்.

கேமராவைக் கழற்றி, ஸ்கிரீனைத் திருப்பி, செலஸ்டின் கையில் கொடுத்தாள்.

அவன் பார்த்தான். நாங்கள் எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

“அம்மா” என்றான். “இதுல நீ கீற. மாமா கீறாரு. நான் கீறேன். போன்ல கீறது யாரும்மா?”

சொல்லிவிட்டு அவனுக்கே அடக்க முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பு. படகு என்ஜின் முதலில் திணறி அப்புறம் பிடித்துக்கொள்கிற மாதிரி. மெர்லின் சிரிக்கவில்லை. “எனக்கும் அதே டவுட்டுதாங்க. அதனாலதான் கேட்டேன். என் போட்டோவும் அப்டித்தான். இதான் நான். போனை வெச்சுப் பாக்க வேணாம், நேராப் பாத்துக்கங்க” என்றாள். குரல் கடைசியில் கொஞ்சம் நடுங்கியது. எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இல்லை, செலஸ்டினும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அவன் அம்மா போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “எழுந்திரு.” எழுந்தார்கள். மாமா பஜ்ஜித் தட்டைத் திரும்பிப் பார்த்தபடியே போனார்.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே, “இனிமே இந்த வூட்டுப் பக்கம் வந்தா என் பேரை மாத்திக்கறேன். பொண்ணா பெத்து வெச்சிருக்கீங்க, சிபிஐ பெத்து வெச்சிருக்கீங்க!” என்றாள்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். மிச்ச பஜ்ஜியில் ஒன்றை எடுத்து மெர்லின் வாயில் திணித்தாள். “பேசினதுலாம் போதும், தின்னு.”

ஆகஸ்ட் 11, திங்கள்

அத்தை போனை எடுக்கவில்லை. வீட்டில் நிம்மதி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள், லீவும் சேர்ந்து வந்தது. திருவொற்றியூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் யார் போன் அடித்தாலும் முதல் ஆளாக ஓடுகிறாள். மெர்லின் காலையில் பூசைக்குப் போனாள், அப்படியே துறைமுகச் சுவர் பக்கம் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

தீனாவிடம் அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். அவன் பிளான்ட் முழுக்கச் சொல்லிவிட்டான். கேன்டீனில் ஒருத்தன் எழுந்து நின்று என்னிடம் கை குடுத்தான். நான் என்ன பண்ணேன்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தட்டினார்கள். செலஸ்டின். தனியாக.

“அம்மா இன்னும் கோவமாத்தான் கீறாங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டான். “எனக்கு அந்தப் படம் ஒரு காபி வேணும்.”

“எதுக்கு?” மெர்லின் உள்ளே இருந்து.

“நான் இப்டித்தான் கீறேன்னு இப்பத்தாங்க தெரிஞ்சுது.”

மெர்லின் லேப்டாப்பை எடுத்து வந்தாள். படத்தை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷ வேலை. அவன் காபி குடித்து, சாப்பிட்டு, நைனாவோடு கேரம் ஆடித் தோற்றுவிட்டுத்தான் போனான். நடுவில் நான் அவனை ஓரமாக உட்கார வைத்து என்ஜின் ஆயில் பிரஷர் பற்றி நாலு கேள்வி கேட்டேன். மழுப்பாமல் பதில் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். ஆள் பரவாயில்லை.

போகும்போது மெர்லினிடம், “டக்கை எடுப்பீங்களா? கப்பல் உள்ள வர்றப்ப நல்லா இருக்கும், வெளியிலேர்ந்தே தெரியும்” என்றான்.

“என் கேமரா” என்றேன்.

இரண்டு பேருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

அத்தை போன் பண்ணினாள். “அந்தம்மா எறங்கி வந்துகினு கீது. நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்ன சொன்னாள் என்று நினைவுபடுத்தலாமா என்று பார்த்தேன். அம்மா முறைத்தாள். விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மெர்லின் காலையில் போனவள், வெயில் ஏறித்தான் வந்தாள். மூக்கு நுனி காய்ந்திருந்தது. குளிக்கப் போனாள். நான் கேமராவைத் துடைக்கிற சாக்கில் படங்களைத் தள்ளிப் பார்த்தேன்.

டக். கயிறு. பெரிய கப்பல் ஒன்றின் முகப்பு, அதன் கீழே டக், எலி யானையைத் தள்ளுகிற மாதிரி. எல்லாம் அவள் கை. அப்புறம் வேற ஒரு கை.

கடல் ஒரு பக்கமாகச் சரிந்து வெளியே கொட்டுகிறது. வெளிச்சம் அதிகம், வானத்தில் ஒரு விவரமும் இல்லை. ஃபோகஸ் தப்பி, பின்னால் அலைத்தடுப்புக் கல் மட்டும் கூர்மையாக இருக்கிறது. அதற்கு முன்னால், மங்கலாக, மெர்லின். காற்றில் முடி வாய்க்குள் போயிருக்கிறது, ஒரு கை கேமராவைப் பார்த்து நீண்டிருக்கிறது. எடுக்கிறவனைத் திட்டுகிறாள் — “அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் திருப்புங்க!” திட்டும்போதே சிரிக்கிறாள். தாடையை இறக்கவில்லை, உதட்டை இழுக்கவில்லை. வீட்டில் தினமும் என்னைத் திட்டுகிற அதே மூஞ்சி.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கண்ணை இடுக்கி, தள்ளிப் பிடிக்கச் சொல்லி, கிட்டப் பிடிக்கச் சொல்லி. கலரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“யாருடா எடுத்தது?”

“கத்துக்கினு கீறாரு” என்றாள் மெர்லின், தலையில் துண்டோடு கதவருகே நின்று.

ஃபோகஸ் ஃபெயில். எக்ஸ்போஷர் ஃபெயில். லெவல் ஃபெயில். அளவு தப்பினால் தூக்கி எறிகிற பழக்கம், கட்டைவிரல் தானாக அழிக்கிற பட்டன் பக்கம் போனது.

“டேய். அதுல கைய வெச்ச, ஒடச்சிடுவேன்” என்றாள் மெர்லின்.

வைக்கவில்லை.